ஐஸை எடுத்த பிறகு

எங்கள் ஊர் லக்ரோஸ் கழகத்தின் மூத்த பயிற்சியாளர் இந்தக் கோடையோடு அணிப் பொறுப்பிலிருந்து விலகுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் கோச் என்றே எழுதுகிறேன். பிள்ளைகளும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு சதமும் சம்பளம் வாங்காமல், ஏப்ரலில் இருந்து கோடை முடியும்வரை தன்னுடைய மாலைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு பதிவாவது இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஸ்காபரோவை விட்டு ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று கிழக்கே நகர்ந்து வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த விளையாட்டு ஊறிய மண்ணில்தான் வீடு வாங்கியிருக்கின்றன. ஆனால் பக்கத்து அரீனாவில் கோடையிலே என்ன நடக்கிறது என்று எங்களில் கனபேருக்குத் தெரியாது.

கனடாவின் தேசிய விளையாட்டு எது என்று கேட்டால் எல்லோரும் ஹொக்கி என்பார்கள். 1994இல் நிறைவேறிய சட்டம் இரண்டைச் சொல்கிறது. குளிர்காலத்துக்கு ஹொக்கி, கோடைக்கு லக்ரோஸ். ஒரு தடி, அதன் தலையில் வலைப் பை, அதற்குள் கெட்டியான ரப்பர் பந்து. ஓடி, எறிந்து, ஏந்தி, வலைக்குள் போட வேண்டும். புல்வெளியில் பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடுவது ஒரு வகை. ஒன்ராறியோவில் ஊறிப்போனது மற்ற வகை, பொக்ஸ் லக்ரோஸ். 1930களின் தொடக்கத்தில் மொன்றியல் ஹொக்கி முதலாளிகள், கோடையில் வெறுமையாகக் கிடந்த தங்கள் அரங்குகளை நிரப்ப இதைக் கொண்டுவந்தார்கள். வசந்தத்தில் ஐஸை எடுத்துவிட்டால் கீழே சிமெந்துத் தரை. சுற்றிவர ஹொக்கிப் பலகைகள் அப்படியே இருக்கும். பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோலியும். வெளியே போகப் பந்துக்கு இடமே இல்லை, பலகையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். பெரிய பிள்ளைகளின் ஆட்டங்களில் பந்து கையில் வந்து முப்பது வினாடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். மூச்சு விட நேரம் கிடையாது.

இனி கோச்சின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் ஒஷாவாவில் பிறந்து வளர்ந்தவர். கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஷிப்ட் கிடைக்கும் மாதங்களில் பெரிய பிள்ளைகளின் அணியையும், மற்ற மாதங்களில் கிடைத்த நேரத்தில் சின்னவர்களையும் பார்த்துக்கொள்வாராம். அவருடைய பழைய அணிகள் வென்ற கேடயங்கள் அரீனாவின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. கேட்டால் சுவரைப் பற்றித்தான் கதைப்பார்.

சுவர் என்றால் உண்மையான சுவர். பள்ளிக்கூடச் சுவர், அரீனாவின் பின்பக்கச் சுவர், எதுவென்றாலும் சரி. பந்தை எறி, திரும்பி வரும்போது வலையில் வாங்கு, மறுபடி எறி. வலக்கை மேலே பிடித்து ஒரு நேரம், இடக்கை மேலே பிடித்து ஒரு நேரம். லக்ரோஸில் பெரிய ஆட்டக்காரர் எல்லோரும் சுவரிடம் படித்தவர்கள்தான். காரணம் இருக்கிறது. பந்து வலைக்குள் விழும் கணத்தில் தடி இறுகி நின்றால் பந்து மோதித் தெறித்துவிடும். பந்தோடு சேர்ந்து தடி கொஞ்சம் பின்னுக்குப் போய் அதை வாங்க வேண்டும். இந்த மென்மையை வாயால் விளக்கிப் பிள்ளையின் கையில் ஏற்ற முடியாது. நூறு தரம், ஆயிரம் தரம் பந்து திரும்பி வந்தால்தான் மணிக்கட்டு கற்றுக்கொள்ளும். கழகத்தில் கிடைக்கும் தரைநேரம் வாரத்துக்கு ஓரிரு மணிநேரம். மீதியைச் சுவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது தரையில் உருளும் பந்து. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பாதி நேரம் பந்து தரையில்தான் கிடக்கும். ஐந்தாறு பேர் சுற்றி நின்று தடியால் கிண்டிக்கொண்டிருப்பார்கள். கோச் கற்பிப்பது இவ்வளவு: முழங்காலை மடித்துக் குனி, பின்கை தரையோடு தரையாகப் போகட்டும், பந்தைக் கண்டதும் நிற்காதே, அதைக் கடந்து ஓடு. ஓட்டத்தில் பந்து தானாக வலைக்குள் ஏறிவிடும். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை கோலே அடிக்காவிட்டாலும் அணிக்கு மிகப் பெரிய துணை. கோல் அடித்தவனுக்கு எல்லோரும் கைதட்டுவார்கள். உருளும் பந்தை எடுத்தவனின் பெயரைக் கோச்தான் சத்தமாகச் சொல்வார்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வயதுக்குட்பட்டவர்களின் முதல் பயிற்சியில் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார். பிறகு ஒரு விதி: பந்தை வாங்கப்போகும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எறியலாம். என் மகனின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பலரும் அதைச் சுருக்கித்தான் கூப்பிட்டார்கள். கோச் அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, நாக்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டார். சரிவரும்வரை சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளையும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லவைத்தார். அன்று காரில் திரும்பி வரும்போது மகன் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. “அம்மா, எல்லாருக்கும் என்ரை பேர் தெரியும்” என்றான். ஒரு பிள்ளைக்கு இந்த ஊர் தன்னுடைய ஊராக மாறுவது இப்படித்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

கோலிகளை அவர் நடத்தும் விதமும் எனக்கு மிகவும் பிடிக்கும். கெட்டிப் பந்து நெஞ்சை நோக்கி வரும்போது எந்தப் பிள்ளையும் கண்ணை மூடும். அதனால் முதலில் டென்னிஸ் பந்துதான். பந்து வலிக்காது என்று உடம்பு நம்பிய பிறகு ரப்பர் பந்து. பயந்த பிள்ளையை ஒருபோதும் வலைக்கு முன் நிறுத்த மாட்டார். நான் நிற்கிறேன் என்று அதுவே வந்து கேட்கும்வரை பொறுத்திருப்பார்.

பெரிய பிள்ளைகளுக்கான போட்டி அணித் தேர்வில் சிலர் கழிக்கப்படுவார்கள். பல இடங்களில் பட்டியலை இணையத்தில் போட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். கோச் இடம் கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையோடும் தானே தொலைபேசியில் பேசுவார். என்ன குறை, எதில் நன்றாக இருக்கிறாய், அடுத்த வருடத்துக்குள் எதைப் பழகு என்று சொல்வார். அந்த அழைப்புகள் முடிய நள்ளிரவு ஆகும் என்று அவருடைய மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கழிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஊர் அணிகளில் தொடர்ந்து ஆடினார்கள். பிற்காலத்தில் நடுவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் கழகத்துக்கு வந்து நின்றவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இவருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது? 1960களின் ஒஷாவாவிலிருந்து.

அப்போது ஜிம் பிஷப் என்ற பயிற்சியாளர் ஒஷாவா கிரீன் கேல்ஸ் என்ற இளையோர் அணியை நடத்தினார். கனடாவின் இளையோர் சம்பியன் அணிக்குக் கிடைப்பது மின்ரோ கிண்ணம். 1901இல் ஆளுநர் நாயகமாக இருந்த மின்ரோ பிரபு கொடுத்தது. கிரீன் கேல்ஸ் அதை 1963 முதல் 1969 வரை தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகள் வென்றார்கள். தொழிற்சாலை நகரம் ஒன்றின் பிள்ளைகள் நாடு முழுவதையும் ஏழு ஆண்டுகள் வென்றுகொண்டே இருந்தார்கள். பிஷப்பின் அணி எதிராளியைவிட வேகமாக ஓடும், கடைசி நிமிடத்திலும் களைக்காது. உடற்பயிற்சியை அவ்வளவு முக்கியமாக எடுத்தவர் அவர். எங்கள் கோச் அப்போது சிறுவன். அண்ணன்மாரோடு போய் நின்று பார்த்த ஆட்டங்கள் அவர் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஆட்டங்களில் அவர் கண்ணெடுக்காமல் பார்த்தது கேலோர்ட் பவ்லெஸை. சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி ஒதுக்கு நிலத்தைச் சேர்ந்த மோஹோக் இளைஞர். 1964இல் பதினேழு வயதில் கேல்ஸ் அணிக்கு வந்தார். அந்த ஆண்டும் 1967இலும் மின்ரோ கிண்ணப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. எதிரணிகள் அவரைக் குறிவைத்து அடித்தன, இனத்தைச் சொல்லியும் வைதன. திருப்பி அடிக்காதே, பந்தை வலைக்குள் போட்டுப் பதில் சொல் என்று அவருடைய தந்தை பழக்கியிருந்தார் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். அந்தத் தந்தை ரொஸ் பவ்லெஸ். 1951 முதல் 1954 வரை பீற்றர்பரோ அணியோடு நான்கு முறை தொடர்ந்து மான் கிண்ணம், அதாவது பெரியவர்களின் தேசியப் பட்டம், வென்றவர். தச்சுத் தொழிலாளி. பிறகு பயிற்சியாளராகவும் பெயர் எடுத்தார். தந்தை, மகன் இருவருமே கனடா லக்ரோஸ் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். சிக்ஸ் நேஷன்ஸின் ஒஸ்வேக்கனில் உள்ள அரீனாவுக்கு இப்போது கேலோர்ட் பவ்லெஸின் பெயர்.

கோச்சுக்குப் பிஷப்பின் ஏழு கிண்ணங்களைவிட ரொஸ் பவ்லெஸின் வீடுதான் பெரிது. கிண்ணம் வாங்கும் அணியைப் பதினேழு வயதில் சேர்த்துக் கட்டலாம், ஆனால் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் கையும் குணமும் ஏழு வயதில் யாரோ ஒருவரிடம் உருவாகியிருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதனால்தான் பெரிய அணிகள் கூப்பிட்ட போதும் அவர் சின்னவர்களை விட்டுப் போகவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தேசிய அணிப் பயிற்சியாளரின் பெயர் செய்தியில் வரும். வலையில் பந்தை முதல்முதல் நிற்கவைத்தவரின் பெயர் எங்கும் வராது. இரண்டாமவர் இல்லாமல் முதலாமவருக்கு வேலையே இல்லை.

ஒவ்வொரு பருவத்திலும் சிக்ஸ் நேஷன்ஸ் பிள்ளைகளோடு ஆட்டம் இருக்கும். அங்கே போவதற்கு முந்திய பயிற்சியில் கோச் தடிகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தரையில் எல்லோரையும் இருத்தி, இது யாருடைய விளையாட்டு என்று சொல்வார். நானும் அப்படி இருந்து கேட்டுத்தான் பாதியை அறிந்தேன்.

ஹோடெனஷோனி மக்களுக்கு, அதாவது மோஹோக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்ற ஆறு தேசங்களுக்கு, இது படைத்தவன் தந்த விளையாட்டு. நோயாளி ஒருவர் குணமாகவும் ஊருக்கு நலம் வேண்டியும் ஆடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் சின்னத் தடி ஒன்றைப் பக்கத்தில் வைப்பதும், இறந்தவரோடு அவருடைய தடியைப் புதைப்பதும் வழக்கம். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, காயவைத்துச் செய்யும் தடி அது. மரத்தின் உயிர் தடியில் இருக்கிறது என்பார்கள்.

மொன்றியல் பல் வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகள் எழுதி, 1867இல் தேசிய லக்ரோஸ் சங்கம் அமைந்தது. 1880இல் அதே சங்கம் பணம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே இடம் என்று தீர்மானித்தது. காட்சி ஆட்டங்களுக்குப் போய்வரும் செலவுக்காகப் பணம் வாங்கிய பூர்வகுடி ஆட்டக்காரர்கள் அத்தோடு பட்டப் போட்டிகளுக்கு வெளியே நின்றார்கள். விளையாட்டைக் கொடுத்தவர்களுக்கே கதவு சாத்தப்பட்டது. இதைச் சொல்லும்போது கோச்சின் குரல் மாறும். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்று, 1983இல் ஒரென் லயன்ஸ், வெஸ் பாட்டர்சன், ரிக் ஹில் ஆகியோர் ஹோடெனஷோனி மக்களின் தேசிய அணியாக இரோக்குவா நஷனல்ஸ் அணியை உருவாக்கினார்கள். லயன்ஸ், 1957இல் ஒரு ஆட்டமும் தோற்காத சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியின் கோலி. 1990இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் நஷனல்ஸ் தங்கள் கொடியோடு இறங்கினார்கள். 2010இல் அவர்களுடைய ஹோடெனஷோனி கடவுச்சீட்டைப் பிரித்தானிய அரசு ஏற்க மறுத்ததால் மான்செஸ்ரர் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டில் போய் ஆட அவர்கள் ஒப்பவில்லை. 2014இல் டென்வரில் வெண்கலம் வென்றார்கள். 2028 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் மீண்டும் வருகிறது. 1904இலும் 1908இலும் பதக்க விளையாட்டாக இருந்தது, பிறகு இப்போதுதான். ஆனால் ஒலிம்பிக் கமிட்டி 2023இல் இதை அறிவித்தபோதே, தேசிய ஒலிம்பிக் கமிட்டி உள்ள நாடுகள்தான் ஆடலாம் என்று சொல்லிவிட்டது. ஹோடெனஷோனி மக்களுக்கு அப்படியொரு கமிட்டி இல்லை. தங்கள் கொடியின் கீழ் ஆட வேண்டும் என்று அவர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். நாடும் கொடியும் கடவுச்சீட்டும் என்றால் என்ன என்று நெஞ்சில் சுமந்து வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் ஒஸ்வேக்கனில் தரையில் இறங்கும் விதமே வேறு. போன முறை ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசையில், எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே நன்றி சொன்னதைப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பயிற்சி வெளியே தெரிகிற வேலை. தெரியாத வேலைதான் அதிகம். நகரசபையிடம் தரைநேரம் வாங்குவது பெரிய போராட்டம். ஐஸ் எந்த வாரம் எடுக்கப்படும், எந்த அரீனா கோடையிலும் ஐஸோடு இருக்கும் என்பதைப் பொறுத்து முழுப் பருவமும் மாறும். ஒவ்வொரு தொண்டருக்கும் பொலிஸ் சான்று வேண்டும். பயிற்சியாளர்களுக்குத் தேசியப் பயிற்சித் திட்டத்தின் வகுப்புகள் உண்டு. பிறகு ரோவன் சட்டம். ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற ஒட்டாவா மாணவி 2013இல் றக்பி ஆட்டங்களில் தலையில் அடிமேல் அடிபட்டு இறந்தாள். 2018இல் ஒன்ராறியோ அவள் பெயரில் சட்டம் இயற்றியது. தலையில் அடிபட்டது என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், வைத்தியர் பார்த்து அனுமதித்த பிறகுதான் திரும்ப விடலாம். பெற்றோரும் ஒவ்வொரு ஆண்டும் விவரங்களை வாசித்துக் கையெழுத்து வைக்கிறோம். கோச் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அப்படித்தான் நடந்தார். இறுதி ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரனை வெளியே இருத்தியதற்காகப் பெற்றோர் அவரோடு சத்தம் போட்டதும் உண்டு. அவர் அசையவில்லை.

நடுவர் பிரச்சினை இன்னும் பெரிது. சின்னவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவர்கள் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். பார்வையாளர் வரிசையிலிருந்து வளர்ந்தவர்கள் அவர்களைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒரு பருவம் ஏச்சு வாங்கிய பிள்ளை மறு பருவம் வராது. நடுவர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. கோச் தன்னுடைய அணியின் பெற்றோரை வருடத் தொடக்கத்தில் கூட்டி ஒரே ஒரு விஷயம் கேட்பார்: நடுவரிடம் நான் மட்டும் பேசுவேன். அதை மீறியவர்களை ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்.

“அந்தத் தடியாலை பிள்ளைக்கு அடிபடாதோ?” என்று என் அம்மா இப்போதும் கேட்பார். அடிபடும். கைக்கும் தோளுக்கும் விலாவுக்கும் முதுகுக்கும் கவசம் போட்டுத்தான் ஆடுகிறார்கள். சின்ன வயதில் மோதலுக்குக் கட்டுப்பாடுகள் கடுமை. கோச் முதல் நாளே எப்படி விழுவது, எப்படி எழும்புவது என்று பழக்குகிறார். இவ்வளவையும் சொன்ன பிறகு அம்மா ஒருக்கா அரீனாவுக்கு வந்து பார்த்தார். இப்போது பேரனின் ஆட்டம் என்றால் கம்பளி விரிப்போடு முதல் ஆளாகக் காரில் ஏறிவிடுகிறார்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்வேன். ஹொக்கியில் புகழ் பெற்ற ஜோ நியூவென்டைக் எங்கள் பகுதிக்காரர். பெற்றோர் நெதர்லாந்திலிருந்து வந்தவர்கள். விற்பி வொரியேர்ஸ் அணிக்கு ஆடி 1984 மின்ரோ கிண்ணத்தில் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். ஜோன் ரவாரெஸ், போர்த்துக்கீசக் குடியேறிகளின் மகன். மிசிசாகாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பஃபலோவின் பண்டிற்ஸ் அணிக்கு 1992 முதல் 2015 வரை ஆடினார். தொழில்முறை லீக்கில் அவரைவிட அதிகம் புள்ளி சேர்த்தவர் அப்போது ஒருவரும் இல்லை. பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகி 2023, 2024, 2025 என்று மூன்று பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் ஜோன் ரவாரெஸ் இவருடைய தம்பி முறையில் யாரோ என்று நினைப்பவர்கள் உண்டு, அவர் இவருடைய சகோதரரின் மகன். சின்ன வயதில் அவரும் லக்ரோஸ் ஆடியவர்.

கோச்சின் இடத்துக்கு ஒரு தாதி வருகிறார். அவரிடம் சிறுமியாகப் பயின்றவர், இப்போது இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்கி மாலையில் அரீனாவுக்கு வருகிறார். அவருக்கு உதவியாக நிற்கப்போகிறவர், ஒரு காலத்தில் போட்டி அணித் தேர்வில் கழிக்கப்பட்டு அந்த இரவு அழைப்பைப் பெற்ற ஒருவர். கோச் வீட்டில் இருக்கப்போவதில்லை. அடுத்த பருவத்தில் சின்னவர்களின் ஆட்டங்களுக்குக் கடிகாரம் இயக்கப் பெயர் கொடுத்திருக்கிறார். அவிழ்ந்த வலைகளைக் கட்டிக் கொடுக்கும் வேலையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், பதிவுகள் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் விசாரித்தால் பல வயதுப் பிரிவுகள் நிறைந்திருக்கும். முதல் ஆண்டுக்குப் புதுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. கழகங்களில் பழைய ஹெல்மெட், கையுறை, தடி எல்லாம் இருக்கும், கேட்டால் தருவார்கள். ஹொக்கி ஆடும் பிள்ளையானால் கவசத்தில் சில உதவும், எவை உதவும் என்று கழகத்திடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அணிகள் உண்டு. விளையாட்டே தெரியாத பெற்றோருக்கும் வேலை இருக்கிறது: ஆட்டக்காரர் மாறும்போது பெஞ்சின் கதவைத் திறந்து மூட, புள்ளித் தாள் எழுத, கடிகாரம் பார்க்க. கதவு வேலையில் தொடங்கிய இரண்டு தமிழ் அப்பாமார் இந்த ஆண்டு பயிற்சியாளர் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். டூரம் பகுதியில் இருப்பவர்கள் எனக்கு எழுதினால் எந்த அரீனா, எந்த நாள் என்று சொல்கிறேன். முதல் நாள் நானும் கூட வருகிறேன்.